காட்டுச்சேவலின் கழுத்திறகு

தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றி, பார்வைக்குப் பூச்சிபோல் ‘ஈ’ என்ற ஒன்றை உண்டாக்கி, அதைக் காட்டி ஆற்று மீனைப் பிடிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. அதன் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி நீர்மேல் எழும்புகிறது, மீன் அதை எப்படிக் கவ்வுகிறது, அதைக் கவனித்த மனிதன் எப்படிப் போலி செய்தான் என்று கதை போகும். இதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். வீட்டு மேசையில் உட்கார்ந்து ஈ கட்டியவருக்கு என்ன இறகு, என்ன மயிர், என்ன நூல் கைக்கு எட்டியது என்பதும் அந்த ஈயின் உருவத்தைத் தீர்மானித்தது. ஒரு காலகட்டத்தில் பூச்சியைவிட அதுவே பெரிய காரணமாக இருந்தது. இதற்கு வலுவான சாட்சி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் ஒரு பறவை.

கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய ரோமானியரான ஏலியன், மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் புள்ளி விழுந்த மீன்களைப் பிடிக்கும் முறையை விவரிக்கிறார். நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயை அந்த மீன்கள் விரும்பித் தின்றன. அதையே பிடித்து முள்ளில் கோர்க்கலாம் என்றால், மனிதக் கை பட்டதும் நிறம் போய்ச் சிறகு வாடிவிடும். ஆகவே முள்ளைச் சுற்றிச் செந்நிறக் கம்பளி இழையைக் கட்டி, சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதில் பொருத்தினார்கள். ஆறடிக் கோல், அதே நீளத்துக்குக் கயிறு. கம்பளியும் சேவலும் இல்லாத வீடு அந்த நாட்டில் அரிது. 1496இல் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட ஆங்கிலத் தூண்டில் நூல் 12 ஈக்களைச் சொல்கிறது. அவற்றிலும் கம்பளி, கவுதாரி இறகு, ஆண் வாத்தின் இறகு என்று பக்கத்தில் கிடைத்தவையே அதிகம். 1676இல் சார்லஸ் காட்டன் மாதவாரியாக அடுக்கும் நீண்ட பட்டியலில் நாய்மயிரும் பன்றியின் மெல்லிய அடிமயிரும் வருகின்றன. இவர்கள் எல்லோரும் பூச்சியைப் பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. பார்த்ததைச் செய்துகாட்ட முற்றத்துக் கோழியையும் வாசலில் படுத்திருந்த நாயையும் நம்பியிருந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் சால்மன் ஈக்கு நேர்ந்ததைப் பூச்சியைக் கொண்டு விளக்கவே முடியாது. அதற்கு முன்பு ஸ்காட்லாந்தில் சால்மனுக்குக் கட்டிய ஈக்கள் கம்பளி உடலும் வாத்து, நாரை, சேவல் இறகுமாக மங்கிய நிறத்தில் இருந்தவை. அதே நூற்றாண்டில் லண்டன் உலக இறகு வணிகத்தின் மையமாயிற்று. பெண்களின் தொப்பிகளுக்காகக் கப்பல் கப்பலாகப் பறவைத்தோல் வந்து இறங்கியது. ‘ஜாக் ஸ்காட்’ என்ற புகழ்பெற்ற ஈயைப் பாருங்கள்: வாலுக்குச் சீனத்துப் பொன் ஃபெசன்ட்டின் கொண்டை, உடலில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டு, அதன்மேல் ஜரிகைச் சுற்று, நடுவே தீக்கோழி இழை, தென்னமெரிக்கத் தூக்கான் இறகு, மயிலிறகு, மக்கா கிளியின் வால் இழை. தலையின் இரு பக்கமும் கண்போல் வைப்பது தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. அந்தச் சேவலின் கழுத்தில் குறுகி வளரும் ஒவ்வொரு இறகின் நுனியிலும் தண்டு அகன்று தட்டையாகி, மெழுகை உருக்கி ஒரு சொட்டு விட்டதுபோல் வெண்மஞ்சளாகப் பளபளக்கிறது. சாயம் போட்ட வேறு எந்த இறகும் அந்தப் பளபளப்பைத் தரவில்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் திரியும் இந்தப் பறவை, அதனால்தான் கடல் கடந்து ஸ்காட்லாந்து ஆற்றங்கரைக்குப் போனது.

ஜார்ஜ் கெல்சன் 1895இல் எழுதிய சால்மன் ஈ நூல், இந்த இறகுகளின் இடமும் வரிசையும் பிசகக்கூடாது என்று வற்புறுத்துகிறது. மீனுக்கு இவ்வளவு வேண்டியிருந்ததா? கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் சால்மன், ஆற்றில் இரை தின்பதில்லை. ஆகவே ‘ஜாக் ஸ்காட்’ எந்தப் பூச்சிக்கும் போலியில்லை. அப்படி ஒரு பூச்சி உலகில் கிடையாது. பளிச்சென்ற நிறம் மீனைச் சீண்டிக் கவ்வவைக்கிறது என்று பதில் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் நிறம்தான் காரணம் என்றால் சாயம் தோய்த்த வீட்டுக்கோழி இறகே போதுமே. மங்கல் ஈக்களிலும் அதே ஆறுகளில் சால்மன் சிக்கிக்கொண்டுதான் இருந்தது.

ட்ரவுட் விஷயம் வேறு, அது பூச்சி தின்னும் மீன் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் 1836இல் ஆற்றுப் பூச்சிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஈடான ஈயைப் பக்கத்திலேயே காட்டினார். அங்கே பூச்சியே தலைமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் எழுதி விளக்கிய மிதக்கும் ஈயைத் தண்ணீர்மேல் நிறுத்துவது விறைப்பான சேவல் கழுத்திறகு. தண்ணீரை உறிஞ்சும் மெல்லிறகில் அது மூழ்கிவிடும். 1890இல் அவர் அனுப்பிய மாதிரிகளைப் பெற்ற அமெரிக்கர் தியோடோர் கார்டன், நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை ஆறுகளின் பூச்சிக்கு ஏற்ப அவற்றை மாற்றினார். சிறகுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்க மரவாத்தின் விலாவிறகு. பின்னாளில் அதே மலையில் ஈ கட்டிப் பிழைத்த ஹாரி டார்பி, நல்ல கழுத்திறகுக்காகவே சேவல் வளர்த்தார். பூச்சி ஆணையிட்ட இடத்திலும் கோழிக்கூண்டைக் கேட்காமல் காரியம் நடக்கவில்லை.

ஆடம்பர ஈயெல்லாம் கடைச் சரக்கு, வீட்டில் கட்டியவரோடு அதைச் சேர்க்கலாமா என்றும் கேட்கலாம். மெகன் பாய்டின் வாழ்க்கை அதற்கு விடை. 1915இல் பிறந்த இவர், ஸ்காட்லாந்தின் வடக்கே ப்ரோரா ஊருக்கு அருகில் சிறு வீடொன்றில், பல பத்தாண்டுகள் மின்சாரமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து சால்மன் ஈ கட்டினார். சிறுமியாக இருந்தபோது கற்ற வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது: பழைய ஈயைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, அதே இறகுகளை இன்னும் சிறிய முள்ளில் திரும்பக் கட்டுவது. பிரிக்கிற விரலுக்கு எந்த இறகு எதன்மேல், எத்தனை சுற்று என்பதெல்லாம் தெரிந்துவிடும். இறகின் வரிசை புத்தகத்தைத் தாண்டி வீடுகளுக்குள் அப்படித்தான் போயிற்று. 1971இல் அரசுப் பதக்கம் பெற்ற அவர் மீன் பிடித்ததேயில்லை; கொல்ல மனமில்லை.

இந்த அலங்காரத்தை முடித்துவைத்தது ஆற்றில் நேர்ந்த எந்த மாற்றமும் இல்லை, சட்டங்கள். இந்தியா 1902இல் இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பிரிட்டன் 1921இல் இறக்குமதியைத் தடுத்தது. காட்டுக்கோழித் தோல் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வெளிச்சந்தையில் கிடைத்தபடியே இருந்தது; 1960களின் இறுதியில் இந்தியாவில் வந்த தடையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும்தான் வழியை அடைத்தன. அதற்குள் ஆற்றில் இறங்குகிறவர்கள் அணில் மயிரும் மான்வால் மயிரும் வைத்த எளிய ஈக்களுக்கு மாறியிருந்தார்கள். கெல்சன் காலத்து ஈயை அசல் இறகிலேயே கட்டவேண்டும் என்ற ஆசை மட்டும் ஒரு சிறு வட்டத்தில் தங்கிவிட்டது. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத்தோல்கள் திருடுபோயின. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. பலவற்றை ஈ கட்டுபவர்களுக்கே விற்றார்கள். மீட்டவற்றில் பலவற்றிலிருந்து, பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டு பிய்க்கப்பட்டிருந்தது. சீட்டில்லாத தோலை ஆய்வாளரால் நம்பிப் பயன்படுத்த முடியாது.