ஆட்டு மூளையிலிருந்து 'தரணி' வரை

வணிகவியல் படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது கறிக்கடையில் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடியில் எந்தக் கறிக்கடையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கடைக்காரர் ஆட்டு மண்டையை உடைத்து, மூளையை அலுங்காமல் எடுத்து இலையில் வைத்துக் கொடுப்பார். வீட்டில் அம்மா அதன் மேலிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட்டு மிளகு போட்டு வறுப்பார். அந்தச் சவ்வுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. மூளையைச் சுற்றி மூன்று உறைகள் உண்டு. வெளியே தடித்த டியூரா மேட்டர், நடுவில் அரக்னாய்டு, உள்ளே மூளையோடு ஒட்டிய பையா மேட்டர்.

சவ்வை எடுத்துவிட்டுப் பார்த்தால், பாலூட்டிகளின் மூளை எப்படி இருக்கும் என்பது முழுக்க அந்த இலையிலேயே தெரியும். மேலே இரண்டு பாதிகளாகப் பெருமூளை. அதன் பின்னால் வரிவரியாகச் சிறுமூளை. அடியில் தண்டுவடத்தோடு சேரும் மூளைத்தண்டு. அதன் கடைசிப் பகுதி முகுளம். ஆட்டுக்கும் மனிதனுக்கும் அமைப்பு ஒன்றுதான். வித்தியாசம் அளவில். மனித மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் வரை. ஆட்டு மூளை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. ஆட்டுக்கு முன்பக்கத்தில் மோப்பக் குமிழ்கள் பெரியவை, நமக்கு மிகச் சிறியவை. நமக்குப் பெருமூளை வளர்ந்து சிறுமூளையை மேலிருந்து மூடிவிட்டது. எலியின் மூளை மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். நமக்கோ மேடும் பள்ளமுமாக மடிப்புகள். பெரிய துணியைச் சிறிய பெட்டிக்குள் மடித்து வைப்பது போலத்தான் இது!

சரி, இவற்றையெல்லாம் தமிழில் எழுதிப் படிக்க ஆரம்பித்தது எப்போது?

சென்னையில் 1835லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் அந்த வேலையைச் செய்தவர் கடல் கடந்து வந்த ஒரு அமெரிக்கர். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அந்த மருத்துவர் 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்று, மானிப்பாயில் 1860களில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். உடற்கூறு நூல்கள் அவருடைய முயற்சியில் தமிழில் வந்தன. பெயர் இல்லாத உறுப்புகளுக்கெல்லாம் தமிழில் பெயர் தேட வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், பெயரில்லாத ஒன்றை எப்படிப் பாடமாக நடத்துவது?

அடுத்த கட்டம் அறுவை சிகிச்சை. 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருடமே, 1950ல், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. உலகிலேயே முதல் நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971ல், லண்டனில். அதுவரை மருத்துவர் வெளியே தெரியும் அறிகுறியைப் பெரிதும் நம்பித்தான் உள்ளே இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வலது கை விளங்கவில்லை என்றால் இடது பெருமூளையில் பார்க்க வேண்டும். நடை தள்ளாடினால் சிறுமூளையைச் சந்தேகிக்க வேண்டும். பார்வை போனால் பிடரிப் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். மூளையின் வரைபடம் மனப்பாடமாக இல்லாவிட்டால் மண்டையில் எந்த இடத்தில் திறப்பது என்றே தெரியாது. கணக்குப் பாடத்தில் விடை தப்பினால் மதிப்பெண் போகும், இங்கே உயிர் போகும்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் தண்டலம். அங்கிருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னை மெடிஸ்கேனும் மருத்துவத் துணை நிற்க, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கருவில் இருக்கும் மனித மூளையின் முப்பரிமாணப் படங்கள் அவை. கர்ப்பத்தின் 14 முதல் 24 வாரம் வரையிலான மூளைகளைத் தலைமுடியை விட மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,132 சீவல்களைப் படமெடுத்திருக்கிறார்கள். உலகில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஏன் அந்த வாரங்கள்? 14 வாரத்தில் குழந்தையின் பெருமூளை கிட்டத்தட்ட எலியின் மூளை போல வழவழப்பாகத்தான் இருக்கும். 24 வாரத்துக்குள் முக்கியமான சில பள்ளங்கள் விழுகின்றன. மற்ற மடிப்புகளில் பெரும்பாலானவை கடைசி மூன்று மாதத்தில் வருகின்றன. பிறவியிலேயே வரும் மூளைக் கோளாறுகள் பல இந்த வளர்ச்சி தடம் மாறுவதால் வருபவை. இயல்பான வளர்ச்சி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே மாறியதைக் கண்டுபிடிக்க முடியும்?

இதைப் படித்தபோது என்னை உலுக்கியது வேறொன்று. அந்த மூளைகள் உலகத்தைப் பார்க்காமலே போன குழந்தைகளுடையவை. பெரிய துக்கத்தின் நடுவில் எங்கோ சில பெற்றோர் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது, வரவும் கூடாது. கிரீன், ராமமூர்த்தி என்று நாம் எழுதும் வரலாற்றில் பெயர் தெரியாத அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

எங்கள் வகுப்பில் வரவு என்றால் அதற்கு எதிரே ஒரு பற்று இருந்தே தீரும் என்பார்கள். நாம் பாடப்புத்தகத்தில் சுலபமாகப் பார்த்துவிட்டுப் புரட்டும் மூளைப் படத்துக்கும் அப்படித்தான். அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.