தங்கவயல் வரலாற்றுப் பாதுகாப்பு

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய நவீனச் சுரங்கத் தொழில், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு நின்றது. இடைப்பட்ட காலத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. இத்தகவல்கள் நிறுவன ஆவணங்களில் பத்திரமாக உள்ளன. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளர்களோ அந்த ஆவணங்களில் கூலிக்கணக்காகவும் விபத்து எண்ணிக்கையாகவும் மட்டுமே தென்படுகிறார்கள். ஆகவே இப்பகுதியின் வரலாற்றைக் காப்பதில் முதல் இடம் தொழிலாளர் நினைவுகளுக்கே உரியது.

நினைவு பிழைபடும், ஆவணமே நம்பத்தக்கது என்ற மறுப்பு எழுவதுண்டு. ஆவணமும் ஒரு தரப்பின் சாட்சியம்தான். தொழிலாளர்களின் கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் நடந்த வேலைநிறுத்தத்தை நிர்வாகம் ஒழுங்குப் பிரச்சினையாகக் கண்டது. விரலை மையில் தோய்க்கச் சொன்னதைத் தொழிலாளி தன்மானக் கேள்வியாகக் கண்டார். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நிகழ்வு முழுமையாகும். கட்டடங்களையும் இயந்திரங்களையும் காத்தால் போதும் என்பதும் பொருந்தாது: பாறைவெடிப்பின் அச்சத்தையும் சிலிகோசிஸ் நோயின் மூச்சுத்திணறலையும் தங்கம் பிரித்தபின் குவிந்த சயனைடு கழிவுமேட்டின் தூசியையும் சுரங்கவாய்க் கோபுரம் சொல்லாது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களின் பேச்சு, குடும்பப் படங்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் ஆகியவற்றைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மொழிகளில் தொகுத்து, உள்ளூர் நூலகங்களிலும் பள்ளிகளிலும் எவரும் பார்க்கும்படி வைப்பது உடனடித் தேவை.