குறத்தி சொன்ன பூகோளம்

அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறாள். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமூக அறிவியல் புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு "ஓப், எனிசி, லேனா... ஓப், எனிசி, லேனா"ன்னு மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கிட்டு இருந்தாள். பாடம், ஆசியா கண்டம். "ஏ வாலு, அதெல்லாம் என்னது?"ன்னு கேட்டேன். "தெரியல மாமா. மூணு பேரு. இதே வரிசையில எழுதணும்"ன்னாள். அப்புறம் புத்தகத்தைப் பட்டுன்னு மூடிட்டு, "எனக்கு மேப்பு மண்டையில ஏறாது மாமா, விட்டுரு"ன்னு சொன்னாள் பாருங்க, அதுதான் சுருக்குன்னு தைச்சுது.

ஏன்னா இதே வசனத்தை நானும் ஒரு காலத்துல பேசியிருக்கேன். (கொசுவத்தி சுத்தறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க மக்களே.) கோபி பாலைவனத்தைக் கொண்டு போய் அரேபியாவுல குறிச்சதுக்காக, வகுப்பே பார்க்க பெஞ்சு மேல ஏறி நின்னவன் நான். நமக்கு இது வராதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினதோட சரி. அதுக்கப்புறம் பூகோளம் இருக்கற பக்கம் தலை வெச்சுப் படுக்கல. இப்போ ஒரகடம் பக்கத்துல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ்ல இருக்கேன். நாள் முழுக்க என்ன வேலைன்னு நினைக்கறீங்க? பெட்டி மேல ஒட்டியிருக்கற ஊர்ப் பேரைப் படிச்சு எழுதிக்கறது. புசான், யோக்கோஹாமா, ஷாங்காய், லேம் சாபாங். விதின்னு ஒண்ணு இருக்குல்ல!

சரி, மேட்டருக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம புரண்டுக்கிட்டு இருந்தப்போ, எப்பவோ படிச்ச ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்துச்சு. எங்க வீட்டுப் பிரச்சினை இருநூறு வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ல ஒரு ராஜாவுக்கும் வந்திருக்கு. முழு உலகத்தையும் எப்படி மனுஷங்க மண்டையில ஏத்தறது? அவர் கண்டுபிடிச்ச வழி ஒரு குறத்தி.

இரண்டாம் சரபோஜின்னா நமக்கு சரஸ்வதி மகால் ஞாபகத்துக்கு வரும். 1777-ல பிறந்தவர். துளஜா ராஜா 1787-ல இவரைத் தத்து எடுத்து, பையனைப் பார்த்துக்கச் சொல்லி ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் கையில ஒப்படைச்சார். வாரிசுச் சண்டை பெரிசானப்போ பையனைச் சென்னைக்கு அனுப்பி அங்கேயும் படிக்க வெச்சாங்க. இங்கிலீஷ், கணக்கு, பூகோளம் எல்லாம் அந்தப் படிப்புல வந்ததுதான். 1798-ல பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே, 1799-ல, ஒரு ஒப்பந்தத்துல ராஜ்ஜியம் மொத்தமும் கம்பெனிக்குப் போயிடுச்சு. (ஒரகடம் கம்பெனி இல்லீங்க, கிழக்கிந்தியக் கம்பெனி.) மிச்சம் இருந்தது கோட்டையும், ஒரு உபகாரச் சம்பளமும், ராஜாங்கற பட்டமும்தான்.

நிலம் போனவர் பள்ளிக்கூடம் கட்டினார். 1802-ல ஒரத்தநாட்டுல முக்தாம்பாள் பேர்ல ஒரு சத்திரம். சோறு மட்டும் போடற சத்திரம் இல்ல, பிள்ளைங்களுக்குத் தங்கறதுக்கு இடமும் படிப்பும் இலவசம். தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம்னு பல பாஷை. தேவநாகரி எழுத்துல புத்தகம் அச்சடிக்க அரண்மனையிலேயே ஒரு அச்சுக்கூடமும் வெச்சிருந்தார்.

இப்போ அந்தக் காலத்துப் பிள்ளைங்க தலையில இருந்த உலகத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நடுவுல மேரு மலை. அதைச் சுத்தி நாவலந்தீவு. அதைச் சுத்தி உப்புக்கடல், அதுக்கு வெளியே இன்னொரு தீவு, கருப்பஞ்சாறுக் கடல், அப்புறம் கள்ளு, நெய், தயிர், பால், கடைசியா நல்ல தண்ணின்னு வளையம் வளையமா போகும். கேலி பண்ணாதீங்க. ஒரு குழந்தைகிட்ட "கடலைத் தாண்டினா தயிர்க் கடல்"னு சொன்னா, அது ஆயுசுக்கும் மறக்காது. ஓப், எனிசி, லேனாவுக்கு அந்த பாக்கியம் இல்ல.

இந்த மண்டைக்குள்ள ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கான்னு புதுசா ஒரு உலகத்தைக் கொண்டு போகணும். சரபோஜி எடுத்துக்கிட்டது அன்னிக்கு ஜனங்க ஆசையா உட்கார்ந்து பார்த்த ஒரு கூத்து, குறவஞ்சி. அவர் பேர்லயே கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடின 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' தமிழ்ல உண்டு, பெரிய கோயில்ல ஆடியிருக்காங்க. குறவஞ்சியோட கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உலா வர்ற தலைவனைப் பார்த்துத் தலைவி மயங்குவா. கூடையும் கோலுமா குறத்தி வருவா. கையைப் பார்த்துக் குறி சொல்றதுக்கு முன்னாடி, எங்க மலை இப்படி, நான் போன நாடு இப்படின்னு ஒரு நீளமான பாட்டு இருக்கும். குற்றாலக் குறவஞ்சி கேட்டவங்களுக்குத் தெரியும், அந்த இடம்தான் கூத்தோட உயிர்.

சரபோஜி கை வெச்சது அந்த இடத்துலதான். அரண்மனை பாஷையான மராத்தியில 'தேவேந்திர குறவஞ்சி'ன்னு ஒண்ணு எழுதினார். அதுல குறத்தி சொல்ற நாடு நகரம் எல்லாம் நிஜ உலகத்துல இருக்கறது. உலக பூகோளமே பாட்டா வருது. கையெழுத்துப் பிரதியா கிடந்ததை 1950-ல சரஸ்வதி மகால் அச்சுல கொண்டு வந்துச்சு. இந்த யோசனை அந்த வட்டாரத்துல இன்னொருத்தருக்கும் வந்திருக்கு. அதே ஸ்வார்ட்ஸ்கிட்ட படிச்ச வேதநாயக சாஸ்திரியார் 1800-ல எழுதின 'பெத்லகேம் குறவஞ்சி'யிலயும் புது வானசாஸ்திரமும் பூகோளமும் எட்டிப் பார்க்கும். ஒரே வாத்தியாரோட ரெண்டு மாணவர்கள், ஒருத்தர் ராஜா, ஒருத்தர் புலவர், ரெண்டு பேருமே குறத்தியைத்தான் பூகோள டீச்சர் ஆக்கியிருக்காங்க.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, குறத்தி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ஊர் ஊரா நடந்தவ அவ. அவ சொன்னா ஜனங்க நம்புவாங்க. அதோட, பாட்டை எழுதின மனுஷனை நினைச்சுப் பாருங்க. சொந்த நாடு கையை விட்டுப் போன ராஜா உலகத்து நாட்டையெல்லாம் வரிசையா பாட்டு கட்டறார். அவரோட பெரிய பயணம்னா 1820-ல மூவாயிரம் பேரோட கிளம்பிக் காசிக்குப் போனதுதான். குறத்தி அவரை விட நிறைய ஊர் பார்த்துட்டாள்.

அதே சமயத்துல நாட்டை இன்னொரு விதமா அளந்துக்கிட்டும் இருந்தாங்க. சத்திரம் வந்த அதே 1802-ல, எங்க ஊர்லேர்ந்து பஸ்ல போயிடற தூரத்துல இருக்கற பரங்கிமலைப் பக்கம், லாம்டன் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த பெரிய சர்வே அங்கேதான் ஆரம்பிச்சுது. 1808-ல அவரோட அரை டன் தியோடலைட் எங்கே விழுந்து நசுங்குச்சு தெரியுமா? தஞ்சாவூர் பெரிய கோயில்ல! உச்சிக்கு ஏத்தும்போது கயிறு அறுந்து சுவத்துல மோதிடுச்சு. ஒரு பக்கம் குறத்தி பாட்டு, இன்னொரு பக்கம் கயிறு அறுந்த தியோடலைட். சினிமாக்காரங்க யாரும் ஏன் இன்னும் எடுக்கலைன்னு தெரியல :-)

1832-ல சரபோஜி காலமானார். அதே வருஷம் பாளையங்கோட்டையில இருந்த ரேனியஸ் எழுதின 'பூமி சாஸ்திரம்' அச்சுல வந்துச்சு. உலகத்துக் கண்டங்களையும் நாடுகளையும் தமிழ் உரைநடையில சொன்ன ஆரம்பகாலப் புத்தகம். அவரை நான் குறை சொல்லல. ஜெர்மன்காரர் ஒருத்தர் தமிழ் கத்துக்கிட்டு, தமிழ்ப் பிள்ளைங்களுக்கு உலகத்தைச் சொல்லணும்னு உட்கார்ந்தது சாதாரண விஷயமா? வாலு மடியில இருக்கற புத்தகம் அவரோட வம்சம்தான். ஆனா இந்த வம்சத்துல குறத்திக்கு இடமில்லாம போயிடுச்சு. யார் போய்ப் பார்த்தா, யார் கேட்டாங்கங்கறது போய், பேரும் வரிசையும் மட்டும் நின்னுடுச்சு.

மறுநாள் சாயந்திரம் காய்கறிக் கூடையை வாலு இடுப்புல வெச்சு, கையில ஒரு முருங்கைக் குச்சியைக் கொடுத்து, "நீதான் குறத்தி, ஆயாதான் மகாராணி. ஆசியா பூரா சுத்திட்டு வந்திருக்கே. சொல்லு"ன்னேன். முதல்ல வெக்கம். அப்புறம் "அம்மே, ஓப்பு எனிசி லேனான்னு மூணு ஆறு பார்த்தேன்"னு ஆரம்பிச்சாள்.

எங்க ஆயா (எனக்கு அம்மா, அவளுக்கு ஆயா) நாற்பது வருஷம் பட்டுத்தறியில உட்கார்ந்தவங்க. பூகோளம் படிக்காதவங்க. அவங்க கேட்டது ஒரே கேள்வி: "அதுல தண்ணி வருமாடி?"

பாலாத்தங்கரையில வாழறவங்க வேற என்ன கேப்பாங்க? வருஷத்துல முக்கால்வாசி நாள் மணல்தான். 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு வந்தப்போ ஊரே போய் வேடிக்கை பார்த்துச்சு. குறத்திக்குப் பதில் தெரியல. கூடையைக் கீழே வெச்சுட்டு ஓடி வந்து மேப்பைப் பிரிச்சாள். ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். மூணு ஆறும் வடக்கே போய் ஆர்க்டிக் கடல்ல விழுது. அங்கேதான் வேடிக்கை. வசந்தத்துல தெற்கே, மேல்பக்கம், பனி முதல்ல உருகிடும். வடக்கே முகத்துவாரம் இன்னும் உறைஞ்சே கிடக்கும். வர்ற தண்ணிக்கு வழி இருக்காது, கரை ஏறிடும். ஆயா வாயில கை வெச்சுக்கிட்டாங்க. "கடலே கதவைச் சாத்திக்குமா?"ன்னாங்க. அந்த வரிசை அவளுக்கு இனி மறக்காது, எனக்கும்தான்.

அடுத்த கேள்வி, "அங்கே நெல்லு விளையுமா?" அதுக்கு மறுபடி மேப்பு, மழை, மலை. பருவக்காத்து இமயமலையில முட்டி நிக்கறது, அந்தப் பக்கம் திபெத் காய்ஞ்சு கிடக்கறது எல்லாம் வந்துச்சு. கடைசியில வாலு சொன்ன கணக்கு: "தெற்கேயும் கிழக்கேயும் நெல்லு, நடுவுல ஆடு மாடு, வடக்கே பனி." ஒரு கண்டத்தை இதைவிடச் சுருக்கமா எனக்குச் சொல்லத் தெரியாது. சீனான்னதும் ஆயாவே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. சீனாப் பட்டுநூல் எப்படி இருக்கும், பெங்களூர்ப் பக்கத்து நூல் எப்படி இருக்கும், சூரத் ஜரிகையை எப்படி உரசிப் பார்க்கறதுன்னு அரை மணி நேரம். நாற்பது வருஷமா ஆசியா அவங்க விரல் வழியாதான் ஓடியிருக்கு. நாங்கதான் கேக்கல.

அதுக்கப்புறம் குறத்தி ஊர் சுத்தக் கிளம்பிட்டாள். அவ அப்பா கார் ஏத்தற டிரெய்லர் ஓட்டறவர். போன ஞாயிறு எங்களை வாலாஜாபாத் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய், புதுக் காரெல்லாம் வரிசையா ரயில்ல ஏறறதைக் காட்டினார். பழைய பயணிகள் பெட்டியோட ஜன்னலை அடைச்சு, பின்பக்கம் கதவு வெச்சுச் செஞ்ச வண்டி அது. வர்ற வழியில போர்டு படிச்சுக்கிட்டே வந்தாள். 1998-லேர்ந்து இருங்காட்டுக்கோட்டையில கார் ஓட விடற ஹூண்டாய், கொரியா. சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான், தைவான். ஒரகடத்துல 2010-ல ரெனோவோட சேர்ந்து வந்த நிஸான், ஜப்பான். டைம்லர் வந்ததும் "மாமா, இது ஐரோப்பா. அது அடுத்த பாடம்"னு தள்ளி வெச்சுட்டாள்.

மேப்பு டெஸ்ட் இன்னும் வரல. கோபியை எங்கே வெப்பாளோ தெரியாது. ஆனா சாயந்திரம் ஆறு மணியானா ஆயா திண்ணையில வந்து உட்கார்ந்துடறாங்க. நேத்து முறை மங்கோலியா. "அங்கே குடியிருக்கற வீட்டையே சுருட்டி எடுத்துட்டுப் போவாங்க ஆயா"ன்னு வாலு சொல்ல, "அப்போ வீட்டுவரி யாருடி கட்டுவா?"ன்னு கேட்டுட்டாங்க. பதில் தேடிக்கிட்டு இருக்கோம்.