சிங்கப்பூரின் தொற்றுக்கால நுழைவு விதிகளும் வெளிநாட்டு ஊழியர் குடும்பங்களும்: 1874 முதல் 2022 வரை

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நாடு தன் வாசலை அடைப்பது இயல்பு. ஆனால் அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் அடைபட்டதில்லை. யார் உள்ளே வரலாம், யார் காத்திருக்க வேண்டும் என்ற முடிவில் கிருமிக்கு இருந்த பங்கோடு, வருபவரின் உழைப்பு எவ்வளவு அவசரமாகத் தேவை என்பதற்கும் அவருடைய சம்பளத்துக்கும் பெரும் பங்கு இருந்தது. சிங்கப்பூரின் வரலாறு இதைத் துலக்கமாகக் காட்டுகிறது.

1873இல் அங்கே காலரா பரவியது. அதை அடுத்து 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. முதலில் அங்கே இறக்கப்பட்டவர்கள் சீனத் துறைமுகமான சுவாத்தோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். பின்னாளில் தென்னிந்தியாவிலிருந்து கப்பலின் திறந்த தளத்தில் பயணம் செய்து வந்த தமிழர்களும் அதே தீவில் தங்கவைக்கப்பட்டார்கள். உடைகளைக் களைந்து, கிருமிநாசினியில் குளித்து, அம்மை குத்திக்கொண்டு, குறித்த நாட்கள் கழிந்த பிறகே நகருக்குள் போகலாம். அதே கப்பலில் அறை எடுத்து வந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி பெரும்பாலும் இல்லை. ஒரே கப்பல், ஒரே கடற்காற்று. பிரித்தது பயணச்சீட்டின் விலை. தமிழகக் கரையிலேயே இருந்த மண்டபம் தனிமைப்படுத்தும் முகாமில் தங்கிவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் குடும்பங்களும் இப்படிப்பட்ட சல்லடையைக் கடந்தவர்களே.

பயணச்சீட்டின் இடத்தைப் பிற்காலத்தில் பாஸ் பிடித்துக்கொண்டது. கட்டுமானம், கப்பல் பட்டறை, வீட்டுவேலை ஆகியவற்றுக்கு வருவோருக்கு வொர்க் பர்மிட். நடுத்தரத் திறனாளருக்கு எஸ் பாஸ். உயர் சம்பளக்காரருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். வொர்க் பர்மிட்டில் வருபவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. மற்ற இரு பாஸ்காரர்களுக்கும் 2020 நிலவரப்படி மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் இருந்தால்தான் வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போராக அழைத்துவரும் உரிமை. பெற்றோரை அழைத்துவர 12,000 வெள்ளி. ஆகவே கொவிட் வந்தபோது சட்டத்தின் கண்ணில் குடும்பம் இருந்தவர் ஒரு பகுதியினர் மட்டுமே. சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ குடும்பத்தை விட்டுவிட்டு வந்த கட்டுமானத் தொழிலாளி, அந்தக் கணக்கில் தனி ஆள்.

2020 ஜனவரி 23 அன்று சிங்கப்பூரில் முதல் தொற்று உறுதியானது. பிப்ரவரி 9 முதல், சீனா சென்று திரும்பும் வேலை பாஸ்காரர்கள் மனிதவள அமைச்சின் முன்அனுமதி பெற வேண்டியிருந்தது. மார்ச் 20 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பிலிருந்து எந்த நாட்டிலிருந்து வந்தாலும், ஊழியரோடு அவரைச் சார்ந்திருப்போருக்கும் அந்த அனுமதி கட்டாயமானது. மூன்றே நாளில் விதி இன்னும் இறுகியது: மருத்துவம், போக்குவரத்து போன்ற அத்தியாவசியப் பணிகளில் இருப்போருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் மட்டுமே வழி. அதற்கு முந்தைய விதிகளை மீறியதற்காக மார்ச் 21க்குள் 89 பேரின் வேலை பாஸ்கள் ரத்தாகிவிட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எப்போது வேண்டுமானாலும் நாடு திரும்பலாம். பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்திருந்தாலும், பாஸ்காரர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தால் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கணவர் அங்கே, மனைவியும் குழந்தையும் சென்னையில் என்று பிரிந்து நின்ற குடும்பங்கள் இப்படித்தான் உண்டாயின.

வெளியே இருந்தவருக்கு உள்ளே வர வழியில்லை. உள்ளே இருந்தவருக்கு விடுதியை விட்டு வெளியேற வழியில்லை. ஏப்ரல் 5 அன்று பொங்கோலின் எஸ்11, தோ குவானின் வெஸ்ட்லைட் ஆகிய தொழிலாளர் விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. பிறகு விடுதிகள் எல்லாமே பூட்டப்பட்டன. ஓர் அறையில் பன்னிரண்டு பேர், இருபது பேர் என்று அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தவர்களிடம் இடைவெளி விடச் சொல்வதில் பொருளில்லை. விடுதிகளில் வசித்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டதாக 2020 டிசம்பரில் அமைச்சு அறிவித்தது. விமான நிலையத்தில் இத்தனை கவனமாக வடிகட்டிய அரசு, அதே கவனத்தை விடுதி அறையின் கட்டில் எண்ணிக்கையில் முன்பே காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தின் கதை தனி. மலேசியா 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போய்வந்த பெருந்திரள் அப்படியே உறைந்தது. ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய ஏற்பாட்டின்படி, தொழிலாளர் குறைந்தது 90 நாட்கள் சிங்கப்பூரில் தங்கி வேலை செய்த பின்னரே விடுப்பில் வீடு போகலாம். பாலத்தின் மறுகரையில் வீடு. அங்கே போக மூன்று மாதம்.

2021 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் விடுதி ஒன்றில், நோயிலிருந்து தேறியவர்களிடம் மீண்டும் தொற்று தெரிந்தது. இந்தியாவிலோ இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 23 இரவு முதல், அண்மையில் இந்தியா சென்றிருந்த நீண்டகால பாஸ்காரர்களுக்கும் குறுகியகால வருகையாளர்களுக்கும் நுழைவு மறுக்கப்பட்டது. மே தொடக்கத்தில் பங்களாதேஷ், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. மே 7 முதல் மற்ற அதிக அபாய நாடுகளிலிருந்தும் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. முக்கியக் கட்டுமானத் திட்டங்களுக்குத் தேவையான தொழிலாளர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இந்த விலக்கைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகள் தாமதமாகின்றன என்ற நெருக்கடி தொழிலாளிக்குக் கதவைத் திறந்தது. தாயைப் பிரிந்த குழந்தையின் நெருக்கடிக்கு அந்த வலிமை இல்லை. ஊழியர்களைச் சொந்த நாட்டிலேயே தனிமைப்படுத்திப் பரிசோதித்து அழைத்துவரும் முன்னோட்டமும் அவ்வாண்டு திட்டமிடப்பட்டது. மண்டபத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே.

அக்டோபர் 26 இரவு தெற்காசியாவுக்கான தடை நீங்கியது. நவம்பர் 1 முதல் வேலை பாஸ்காரர்கள் முழுமையாகத் தடுப்பூசி போட்டே வர வேண்டும் என்றாயிற்று. நவம்பர் 29 முதல் சென்னை, டில்லி, மும்பையிலிருந்து தடுப்பூசி போட்டோருக்கான சிறப்பு விமானங்கள் வந்தன. 2022 ஏப்ரல் 1 அன்று தடுப்பூசி போட்ட பயணிகளுக்கு நுழைவு அனுமதியே தேவையில்லை என்று ஆனது. அன்றும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளின் வொர்க் பர்மிட்காரர்கள் தனி மையத்தில் முன்பதிவு செய்து வர வேண்டியிருந்தது. விடுதிவாசிகள் வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்கும் விதி அந்த ஆண்டு ஜூன் 24 அன்றுதான் தளர்ந்தது. அப்போதும் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போகச் சீட்டு வேண்டியிருந்தது.

உயிர்களைக் காக்க எல்லையை அடைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடைத்த விதிகள் ஊழியரைத் துறை, பாஸ், சம்பளம் எனப் பிரித்தறிந்த அளவுக்கு, பிரிந்த தாய், பிள்ளை, மூத்த பெற்றோர் என்று பார்க்கவில்லை. 2023 மார்ச்சில் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, விடுதித் தொழிலாளர் விஷயத்தில் மேலும் சிறப்பாகச் செயல்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை நுழைவு விதிகளுக்கும் நீள வேண்டும். அடுத்த கொள்ளைநோய்க்கான விதிகளை எழுதுவோர், முக்கியத் திட்டங்களுக்குத் தந்த விலக்கின் பக்கத்திலேயே, இத்தனை மாதங்களுக்கு மேல் எந்தக் குடும்பமும் பிரிந்திருக்கக் கூடாது என்று ஒரு வரம்பையும் எழுதட்டும். அந்த வரம்பு வொர்க் பர்மிட்காரருக்கும் பொருந்தட்டும்.