விஞ்ஞான மாணாக்கரும் பரீட்சை முறையும்

பட்டப் பரீட்சையில் தேறிய நம் பிள்ளைகளுக்கு ஆண்டுவிழாவிற் பரிசளித்து மகிழ்தல் சங்கத்தின் நெடுநாளைய வழக்கம். அது போற்றத்தக்கதே. ஆயினும், விஞ்ஞானம் பயில்வோர்க்கு உதவி வேண்டுவது தேறிய பின்னரா, தேறுதற்கு முன்னரா என்பதைச் சரித்திரங்கொண்டு ஆராய்வோம்.

நமது காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு, இடையிடையே ஆங்கிலேயர் வசமாகி, 1954-இல் இந்தியாவோடு சேர்ந்தது. அக்காலமெல்லாம் பிரெஞ்சிந்தியாவில் ஒரு சர்வகலாசாலையேனும் ஏற்பட்டதில்லை. விஞ்ஞானப் பட்டம் நாடிய இளைஞர் கடல் கடந்து பிரான்சுக்கோ, எல்லை கடந்து ஆங்கில ஆட்சிப் பகுதிக்கோ செல்ல நேர்ந்தது.

எல்லைக்கப்பாலிருந்த சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் லண்டன் முறையைப் பின்பற்றித் தோன்றியது. தொடக்கத்தில் அது கற்பித்ததில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் தொழில். அம்முறையின் குறைக்குப் பக்கத்துக் கும்பகோணமே சான்று. 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் அவ்வூர் அரசினர் கல்லூரியிற் சேர்ந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், கணிதத்தில் நிகரற்றவராயினும், ஆங்கிலத்தில் தவறியமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் அவர் தேறினாரில்லை. பட்டமில்லாத அவருக்கு அதே சர்வகலாசாலை 1913-இல் மாதம் 75 ரூபாய் அளித்தது. 1918-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். பரீட்சை கைவிட்டவரை மாதந்தோறும் வந்த சிறு தொகை தாங்கிற்று என்பது நோக்கத்தக்கது.

இந்தியாவோடு இணைந்தபின் நம்மூரிலேயே அரசினர் கல்லூரிகள் எழுந்தன. புதுவை மாநிலக் கல்லூரிகள் முதலிற் சென்னையைச் சார்ந்திருந்து, 1985-இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இன்று திருவேட்டக்குடியில் விளங்குகின்றது.

இப்பொழுது ஆண்டிறுதிப் பரீட்சை ஒன்றே யாவற்றையும் முடிவு செய்வதில்லை. பருவந்தோறும் தேர்வு, அதனோடு வகுப்புத் தேர்வு, செய்முறை, ரிகார்டு நோட்டு ஆகியவற்றிற்கும் மதிப்பெண் உண்டு. பௌதிகமும் ரசாயனமும் கையாற் செய்து கற்கவேண்டியவை ஆகலின் இது நன்றே. ஆனால் ஏழை மாணாக்கனுக்கு இதிலொரு இடர் உண்டு. முன்னர் அறுவடைக்கும் கடைவேலைக்கும் சென்றவன், கடைசி மாதங்களில் இரவிற் படித்துக் கரையேற வழியிருந்தது. இன்றோ ஆய்வுச்சாலைக்கு வாராத நாளின் மதிப்பெண்ணைப் பின்னர்ப் படித்து மீட்டல் அரிது. பேருந்துக் கட்டணமின்றி நின்ற நாளும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

இந்திய அரசினர் 2008-இல் இன்ஸ்பயர் திட்டத்தின்கீழ் விஞ்ஞான மாணாக்கர்க்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை வழங்க முற்பட்டனர். அது மேனிலைத் தேர்வில் முன்னணியில் நின்றோர்க்கே பெரிதும் உரியது. நடுத்தரமாகத் தேறி, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறும் பிள்ளையைத் தாங்குவோர் யார்? நாமன்றோ!

ஆகவே, பரிசுத்தொகையின் ஒரு பகுதியைக் கல்லூரி திறக்கும் மாதத்திலிருந்தே, வழிச்செலவுக்கும் ஆய்வுச்சாலைப் பொருள்களுக்கும் மாதந்தோறும் அளிக்குமாறு வேண்டுகின்றோம். பயிர் வாடும்போது பாய்ச்சும் நீரே பயன்படும் என்பதைக் காவிரிக் கடைமடையில் வாழும் நமக்குப் பிறர் கூறவேண்டுவதில்லை.