பெருங்குடல் புற்றுநோய் முன்கண்டறிதல் (கிருஷ்ணகிரி – ஓசூர்)

அறிகுறி தோன்றும் முன்பே, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதித்தோ கொலனோஸ்கோபி (பெருங்குடல் உள்நோக்கல்) வழியாகவோ நோயைத் தேடும் முறை. குடலில் முளைக்கும் சதைமொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அகற்றினால் நோயையே தடுக்கலாம். ஆண்டுதோறும் மலச் சோதனை செய்தால் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு 1993இல் காட்டியது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே பரிசோதனை வகுத்தது. மேலைநாடுகளைவிட இங்கே பெருங்குடல் புற்று குறைவு, கொலனோஸ்கோபி வசதியும் போதாது என்பார்கள். எல்லோரையும் சோதிப்பதற்கு எதிராக அந்த வாதம் வலுவானது. ஆனால் ஆபத்து மிகுந்தோரைத் தேடாமல் விடுவதற்கு அது காரணமாகாது. நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வந்திருந்தால் கொலனோஸ்கோபியே தகும். மலத்தில் இரத்தம் கண்டவரை மூலம் என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. மற்ற நடுவயதினர் மல மாதிரியை வீட்டிலேயே எடுத்துத் தரலாம். இரத்தம் தென்பட்டவருக்கு மட்டுமே கொலனோஸ்கோபி தேவைப்படும். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அத்திட்டத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர், ஆபத்து மிகுந்தோரைக் கண்டறியக் குடும்ப நோய் வரலாற்றையும் கேட்கலாம். ஷிப்டு வேலையால் வீட்டில் அகப்படாத ஓசூர்த் தொழிலாளரிடம் ஆலை மருத்துவ முகாமிலேயே அதைக் கேட்க வேண்டும்.