கன்னியாவின் பெயரைச் சுமக்கும் அயிரை



வயல் வாய்க்காலில் கால் வைத்ததும் மணலுக்குள் சட்டென்று புதைந்துகொள்ளும் விரல் நீள மீனை நம்மில் பலர் கண்டிருப்போம். அயிரை என்போம், சிலர் அசரை என்பார்கள். வாயைச் சுற்றிச் சிறு மீசைகள், பழுப்பு உடம்பில் கரும்புள்ளிகள். நமக்கு அது வெறும் சேற்று மீன். ஆனால் அதன் விஞ்ஞானப் பெயருக்குள் நமது திருகோணமலை மாவட்டம் இருக்கிறது.

அந்தப் பெயர் 'லெப்பிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்'. 'தெர்மாலிஸ்' என்றால் வெப்பத்துக்குரியது. அது கன்னியா வெந்நீரூற்றின் வெப்பம்.

1827, 1828 ஆம் ஆண்டுகளில் 'செவ்ரெட்' என்ற பிரெஞ்சுக் கப்பல் இந்து சமுத்திரத்தில் பயணம் செய்தது. அதில் வந்த வைத்தியர் ரேனோ கன்னியாவில் மீன்களைப் பிடித்து, பாரிஸில் இருந்த புகழ்பெற்ற விலங்கியலாளர் கியூவியருக்கு அனுப்பினார். கியூவியர் 1832 இல் காலமானார். அவரோடு சேர்ந்து மீன்களின் வரலாற்றை எழுதிவந்த வலென்சியென் அந்தப் பெருநூலைத் தொடர்ந்தார். அதன் 18 ஆம் பாகத்தில், 1846 இல், கன்னியாவின் அயிரை 'கோபிட்டிஸ் தெர்மாலிஸ்' என்று பதிவானது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டும் 1861 இல் வெளியான தமது நூலில் இதைக் குறிப்பிடுகிறார். மீன் கிடைத்த நீரின் வெப்பம் 40 பாகை செல்சியஸ் என்பது அவர் தரும் கணக்கு.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சாதாரண ஓடைகளிலும் குளங்களிலும் வாழும் மீன்தான் இது. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வெப்பம் ஒரேயளவாக இருப்பதில்லை; வழிந்தோடும் நீர் போகப் போக ஆறிவிடும். ஆகவே மீன்தொட்டியில் வளர்ப்பவர்கள் ஹீட்டர் தேடவேண்டாம். நமது வீட்டு நீரின் சூடே போதும். ஆனால் குளோரின் போக ஒரு நாள் வைத்த நீராக இருக்கவேண்டும்.

அடியில் கூரான கற்களைப் போடாமல், கழுவிய நுண்மணலைப் பரப்புங்கள். மணலை வாயில் அள்ளி, உணவைப் பிரித்தெடுத்து, செவுள் வழியே வெளியே விடுவது இதன் பழக்கம். தனியாக விடாமல் நான்கைந்தாக வளருங்கள். நுளம்புக் குடம்பிகளை விரும்பி உண்ணும். கண்ணுக்குக் கீழே சிறு முள் உண்டு. வலையில் சிக்கிக் காயப்படும் என்பதால் கோப்பையால் எடுங்கள். நீரில் ஒட்சிசன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும். அடிக்கடி அப்படி வந்தால் நீரை மாற்றுங்கள். தொட்டியில் வேறு மீன்களோடு இருந்ததை மீண்டும் வாய்க்காலில் விடவேண்டாம், நோய் பரவலாம்.

கன்னியா யாருக்குரியது என்று மனிதர்கள் நாம் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊற்றின் பெயரால் உலகம் அறிந்த மீனையோ நாம் பேசுவதே இல்லை. மணல் அள்ளுவதும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் வாய்க்கால்களின் அடித்தளத்தைக் கெடுத்தால் முதலில் அடிபடுவது அடியில் வாழும் இதுபோன்ற உயிர்கள்தான். அப்புறம் பெயர் மட்டும் பாரிஸ் நூலில் இருக்கும்.

கடையில் வாங்கும் தங்கமீனைப் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த மீனையும் காட்டிக் கொடுப்போம். அல்லாஹ் நமது வாய்க்காலில் வைத்த அமானிதம் இது.